தனியாக, கண்ணில் படாமல் தங்க ராணுவ பிவி: எதை வாங்குவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். தனி ஆள், சில நாள் நடை, சில நாள் சைக்கிள். இருட்டும்போது படுத்து விடியும்போது கிளம்பிவிட வேண்டும், யார் கண்ணிலும் படக் கூடாது. லேசான கூடாரங்கள் இரண்டு கிழிந்துபோன வெறுப்பில், ராணுவத் தரத்தில் ஒரு பிவி, அதாவது ஸ்லீப்பிங் பேக்கின் மேல் மாட்டிப் படுக்கும் நீர்புகாத உறை, வாங்கிப் பல வருஷம் ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று அடுக்குத் துணியில் தைத்த, ஜிப் இல்லாத வெறும் பிவி பை ஒன்று. அதோடு மண் நிறத்தில் சின்னதாக ஒரு தார்ப்பாய். வளைவுக் கம்பி வைத்த பிவியும் ஒற்றை ஆள் ராணுவக் கூடாரமும் சில இடங்களில் இதைவிட நன்றாக இருக்கும், அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கும் உழைப்பும் மறைவும் ஒன்றாகக் கிடைப்பது இந்த ஜோடியில்தான்.

முதலில் 'ராணுவத் தரம்' என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகமாகப் பாருங்கள். அந்தப் பெயரில் இரண்டு விதச் சரக்கு விற்கிறது. ஒன்று, ஏதோ ஒரு நாட்டுப் படைக்காக ஒப்பந்தத்தில் தைத்து, பிறகு கழித்துவிட்ட அசல் சர்ப்ளஸ். நேட்டோ நாட்டுச் சரக்கு என்றால் உள்பக்கத் துணி லேபிளில் 13 இலக்க சரக்கு எண்ணும் ஒப்பந்த விவரமும் அச்சிட்டிருக்கும். இன்னொன்று, சாதாரண பாலியஸ்டரில் புள்ளிப் புள்ளியாக உருமறைப்பு அச்சடித்து 'டாக்டிக்கல்' என்று பெயர் வைத்தது. முன்னதில் பழசானாலும் தரம் இருக்கும். பின்னதில் அச்சு மட்டும்தான் ராணுவம்.

அசல் சரக்கிலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது சிப்பாய்க்காகச் செய்தது. அவர் தூங்கும்போது காவலுக்கு இன்னொருவர் விழித்திருப்பார். சத்தம் கேட்டால் சில நொடிகளில் பூட்ஸோடு வெளியே வந்தாக வேண்டும். அதனால்தான் பல ராணுவ பிவிகளில் கொசுவலை கிடையாது, வாய் அகலமாகத் திறக்கும், கால் பக்கம் தாராளமாக இருக்கும். எடை குறைவதைவிடக் கரடுமுரடான கையாளலைத் தாங்குவதே அங்கே முக்கியம். காவலுக்கு ஆள் இல்லாமல் படுக்கும் உங்களுக்கு இந்த முடிவுகளில் சில வரம், சில தொல்லை.

சரி, வகைகளுக்கு வருவோம்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் கோர்டெக்ஸ் (மழையைத் தடுத்து ஆவியை விடும் துணி) பிவி பைதான் என் கணக்கில் முதல் இடம். ஜிப்பே கிடையாது. ஒரு பெரிய உறை, தலைப்பக்கம் சுருக்குக் கயிறு, அவ்வளவுதான். எடை ஒரு கிலோவுக்குள். உள்ளே காற்றடைத்த பாயையும் ஸ்லீப்பிங் பேக்கையும் வைத்துவிட்டு, காலடியில் பூட்ஸையும் தள்ள இடம் இருக்கும். உள்ளே நுழைவதற்குப் புழு மாதிரி நெளிய வேண்டும். இரண்டாவது நாளே பழகிவிடும். ஜிப் இல்லாததைக் குறையாகப் பலர் சொல்கிறார்கள். பழைய பிவியில் துணி நன்றாக இருக்க, முதலில் செத்துப்போவது எது என்று பார்த்தால் பெரும்பாலும் ஜிப்தான். மணல் ஏறி, பல் தேய்ந்து, ஓட்டி பிடிக்காமல் போகும். இல்லாத ஜிப் கெட்டுப்போவதில்லை.

அமெரிக்க ராணுவத்தின் பிவி, 1990களில் வந்த அடுக்குத் தூக்கப் பைத் தொகுப்பின் வெளியுறை. மெல்லிய பை ஒன்று, தடித்த பை ஒன்று, இரண்டையும் மூடும் இந்த கோர்டெக்ஸ் உறை என்று மூன்றும் அழுத்துப் பொத்தான்களால் ஒன்றோடொன்று இணையும். உறை மட்டும் சுமார் ஒரு கிலோ. ஜிப் உண்டு, அதன் மேல் மழை மடிப்பும் உண்டு. ஏறி இறங்க வசதி. சர்ப்ளஸ் சந்தையில் அதிகம் புழங்குவதும் இதுதான். நல்ல பை. ஆனால் அந்த மடிப்பைச் சரியாக மூடாமல் மல்லாந்து படுத்தால் ஜிப் வழியாகத் தண்ணீர் சொட்டும். அதனால் ஜிப்பை உடம்பின் பக்கவாட்டுக்குத் தள்ளி வைத்துப் படுப்பது என் பழக்கம்.

மூன்றாவது, நெதர்லாந்து ராணுவம் பயன்படுத்திய வளைவுக் கம்பி பிவி. தலைக்கு மேல் ஒரு கம்பி வளைந்து நின்று துணியை முகத்திலிருந்து தூக்கிப் பிடிக்கும். வாயில் கொசுவலைக் கதவு. ஆஸ்திரியாவின் கரிந்தியா நிறுவனமும் இந்த வகையில் நன்றாகச் செய்கிறது. மழை நாள் முழுக்கப் பெய்யும் இடம், கொசு மொய்க்கும் ஈரநிலம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். விலையாகக் கொடுப்பது எடையும் கம்பியும். கம்பி வைத்த எதுவும் ஒருநாள் உடையும். மாற்றுக் கம்பித் துண்டும் உடைந்த இடத்தில் மாட்டும் குழாயும் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அமெரிக்கப் படையின் ஒற்றை ஆள் கூடாரங்கள், ஸ்னக்பாக் நிறுவனத்தின் தாழ்வான அயனோஸ்பியர் போன்றவை உண்மையில் பிவி அல்ல, குள்ளக் கூடாரங்கள். உள்ளே திரும்பிப் படுக்கலாம், பையைப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் முளை அடித்து, கம்பி செருகி, வெளியுறை போர்த்தி என்று நேரம் பிடிக்கும். இருட்டில் வந்து ஐந்து நிமிஷத்தில் அடங்க வேண்டியவருக்கு இது ஒத்துவராது.

இப்போது துணி. இதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிவி வாங்கி ஒரே மாதத்தில் விற்பவர்களில் பெரும்பாலோர் துணி என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியாமல்தான் விற்கிறார்கள்.

மூன்று அடுக்கு என்றால் வெளியே நைலான், நடுவில் சவ்வு, உள்ளே மெல்லிய பின்னல். இந்த ராணுவ பிவிகளில் உள்ள கோர்டெக்ஸின் சவ்வு, டெஃப்லான் என்று நாம் அறிந்த அதே வகைப் பொருளை இழுத்துச் செய்தது. 1969இல் அதைக் கண்டுபிடித்த ராபர்ட் கோர், அந்தப் பொருளால் ஆன தண்டைச் சூடாக்கி மெதுவாக இழுத்து அது அறுந்துகொண்டே இருந்த எரிச்சலில் வெடுக்கென்று இழுக்க, அறுவதற்குப் பதில் அது சுமார் எட்டு மடங்கு நீண்டுவிட்டது. அப்படி நீளும்போது உண்டாகும் நுண்துளைகள் நீர்த்துளியைத் தடுக்கும், நீராவியை விடும்.

இதில் எல்லோரும் மறக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஆவி தானாக வெளியே போகாது. உள்ளே வெதுவெதுப்பும் ஈரமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். குளிர்ந்த, வறண்ட ராத்திரியில் பிவி அற்புதமாக வேலை செய்யும். வெக்கையும் ஈரப்பதமும் உள்ள ராத்திரியில் உள்ளும் வெளியும் ஒன்றுதான். ஆவிக்கு வெளியேற அவசரமே இல்லை, துணி வியர்க்கும். கடும் உறைபனியிலோ ஆவி துணிக்கு வந்த இடத்திலேயே உறைந்து, காலையில் உள்பக்கம் வெள்ளைப் பொடியாக உதிரும். இன்னொன்று, வெளித் துணியின் மேல் உள்ள நீர்விலக்கும் பூச்சு தேய்ந்து நைலான் தண்ணீரை உறிஞ்சிவிட்டால், சவ்வுக்கு வெளியே ஒரு ஈரப் போர்வை போர்த்தியது மாதிரி. மழை உள்ளே வராது, ஆனால் ஆவியும் வெளியே போகாது.

இதை நான் கெட்டபெயர் வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். முதல் பிவியில் நான்காவது நாள் காலை மார்புப் பக்கம் நனைந்து எழுந்தேன். ஒழுகுகிறது என்று விற்றவரிடம் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினேன். அவர் தண்ணீர் ஊற்றிச் சோதித்து, ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று பொறுமையாக எழுதினார். அன்று ராத்திரி குளிருக்குப் பயந்து முகத்தை உள்ளே இழுத்து, கயிற்றை இறுக்கி, என் மூச்சையே விடிய விடிய பைக்குள் ஊதியிருக்கிறேன். ஒரு ராத்திரியில் மூச்சிலும் தோலிலும் வெளியாகும் நீர் ஒரு டம்ளருக்குக் குறையாது. மூக்கும் வாயும் எப்போதும் வெளியே இருக்கட்டும். தலைக்குக் கம்பளிக் குல்லாய் போடுங்கள். பையின் வாயை முழுசாக மூடுவது மூச்சுக்கும் ஆபத்து. பைக்குள்ளோ வாசலிலோ அடுப்பு பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, எச்சரிக்காது.

இந்த ஈரத்தினால்தான் பிவிக்குள் இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக்கைவிடச் செயற்கைப் பஞ்சு அடைத்ததே மேல் என்கிறேன். இறகு நனைந்தால் கட்டியாகிச் சூட்டைக் கைவிடும். பஞ்சு நனைந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

அட்டையில் எழுதும் எண்களை அதிகம் நம்ப வேண்டாம். 1,500 மி.மீ. என்று போட்டிருந்தால், துணியின் மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நீர்த்தம்பம் நிற்கும் அழுத்தம்வரை கசியாது என்று பொருள். மேல்துணிக்கு அது போதும். ஆனால் சேற்றில் முழங்காலை ஊன்றும்போது வரும் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. அடித்துணிக்கு 5,000க்கு மேல் பாருங்கள். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடக் கூட நூல் தடிமன். முட்செடி உள்ள இடங்களில் புழங்குபவர் அடிக்கு 70க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. அதைவிட முக்கியம், அடியில் ஒரு நுரைப்பாயைப் போடுவது. காற்றடைத்த பாயை உள்ளே வையுங்கள், நுரைப்பாயை வெளியே போடுங்கள். பிவியின் ஆயுளை இரட்டிப்பாக்கும் மலிவான தந்திரம் வேறு எனக்குத் தெரியாது.

சர்ப்ளஸ் வாங்கும்போது கையோடு செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பையை உள்வெளியாகத் திருப்புங்கள். தையல்களின் மேல் ஒட்டிய டேப்பை, குறிப்பாகத் தலைமூடியிலும் கால் மூலையிலும், நகத்தால் சுரண்டுங்கள். ஓரம் எழுந்தால் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். உள்பின்னல் வெளித்துணியிலிருந்து பிரிந்து கொப்புளம் மாதிரி நின்றால் அதைத் தொடவே வேண்டாம். பிரிந்த அடுக்கை வீட்டில் ஒட்டுவது நடக்காத காரியம். சின்னத் துளை இருந்தால் பரவாயில்லை, ஒட்டுத்துணி போதும். பழைய பாலியூரித்தேன் பூச்சுள்ள தார்ப்பாயில் புளித்த வாந்தி மாதிரி நாற்றமும் பிசுபிசுப்பும் இருந்தால், ஈரத்தில் பூச்சு சிதைந்துவிட்டது, துவைத்தும் பயனில்லை. கடைசியாக, கால்பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிஷம் பாருங்கள். வெளியே முத்து முத்தாக வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். விற்பவர் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

தையல் துளைகளை அடைக்கப் பசை பூசும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலிக்கான் பூசிய துணிக்குச் சிலிக்கான் பசைதான் ஒட்டும். பாலியூரித்தேன் பூச்சுக்கு அதே இனப் பசை. மாற்றிப் பூசினால் காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும்.

துவைப்பதற்கு மென்மையாக்கி சேர்க்காத, இந்தத் துணிக்கென்றே உள்ள சோப்பு. பிறகு லேசான சூட்டில் உலர்த்தினால் நீர்விலக்கும் பூச்சு ஓரளவு உயிர் பெறும். துணியை 'வெண்மையாக்கும்' சோப்புத்தூள் வேண்டாம். அதில் உள்ள பளிச்சிடும் பொருள் துணியில் தங்கி, புற ஊதா ஒளியில் ஒளிரும். உருமறைப்பு வாங்கி அதை நீலமாக மினுங்க வைப்பதில் என்ன அர்த்தம்?

அப்புறம் மறைவு. இங்கே நான் பலரோடு ஒத்துப்போவதில்லை. உருமறைப்பு அச்சு தேவையில்லை. சொல்லப்போனால் வேண்டாம் என்பேன். கொஞ்ச தூரத்தில் அச்சின் திட்டுகள் எல்லாம் கலந்து ஒரே நிறமாகத்தான் தெரியும். அந்த நிறம் சுற்றுப்புறத்தைவிட இருண்டோ வெளிறியோ இருந்தால் அச்சு உதவாது. காய்ந்த புல்லில் அடர்பச்சை கண்ணைப் பறிக்கும். மங்கலான பழுப்பு, காய்ந்த இலை நிறம், மண் நிறம், இவை வருஷத்தில் முக்கால்வாசி நாள் பொருந்தும். கறுப்பு மட்டும் வேண்டாம். இயற்கையில் நிழலைத் தவிர அவ்வளவு கறுப்பு எதுவும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருநாள் யாராவது உங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். பழுப்புப் பையில் படுத்திருப்பவர் களைத்த வழிப்போக்கர். உருமறைப்புக்குள் படுத்திருப்பவர் யார் என்று பார்ப்பவருக்கு பயம் வரும், போலீஸ் வரும். பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் டொபேகோ போன்ற நாடுகளில் பொதுமக்கள் உருமறைப்பு ஆடை அணிவதே குற்றம். எல்லை தாண்டும் பயணம் என்றால் அச்சில்லாத ஒற்றை நிறம் ஒரு தலைவலியைக் குறைக்கும்.

அசல் ராணுவத் துணிகளில் அகச்சிவப்புக் கருவிக்கும் இலைமாதிரி தெரியும் வகையில் சாயம் ஏற்றியிருப்பார்கள். விற்பவர்கள் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். நீங்கள் மறைவது நாயோடு நடக்க வரும் ஒருவரின் கண்ணிலிருந்து. அதற்காக ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள்.

மனிதக் கண்ணில் படுவது நிறத்தைவிட நேர்கோடு, பளபளப்பு, அசைவு, வெளிச்சம். தார்ப்பாயை வீட்டுக் கூரை மாதிரி விறைப்பாகக் கட்டினால் காட்டில் எங்கும் இல்லாத ஒரு நேர்கோட்டை வரைந்துவிடுகிறீர்கள். ஒரு பக்கத்தைத் தரையோடு கட்டி, மறுபக்கத்தை இடுப்புக்குக் கீழே, ஓரங்களைக் கொஞ்சம் தளரவிட்டுக் கட்டுங்கள். மழை வராது என்று தெரிந்தால் கட்டவே வேண்டாம், மடித்தபடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வெறும் பிவி பையில் படுத்தவர் முழங்கால் உயரம்கூட இருக்க மாட்டார். விழுந்த மரத்தின் பின்னால் அவரை யாரும் தேட மாட்டார்கள்.

பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தத் தார்ப்பாய்க் குடிலை 'பாஷா' என்பார்கள். வங்காளம், அசாம் பக்கம் குடிசையைக் குறிக்கும் சொல்தான் அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. பிவி பையும் பாஷாவும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நான் இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம், மழையில் பிவியைத் திறக்கும் அந்த அரை நிமிஷம்தான். தலைக்கு மேல் ஒரு கூரை இல்லாவிட்டால் அந்த அரை நிமிஷத்தில் உள்ளே எல்லாம் நனையும். பை உடைமாற்றவும் சமைக்கவும் இடம் தராது, தார்ப்பாய் தரும்.

இடம் தேர்வில், பாதைக்கு நேரே தெரியும் இடத்தைவிட பாதையிலிருந்து கொஞ்சம் மேலே, வளைவின் உள்பக்கம் படுப்பது நல்லது. நடப்பவர்கள் எதிரேயும் காலடியையும்தான் பார்ப்பார்கள், மேட்டை அண்ணாந்து பார்ப்பது அபூர்வம். மேட்டின் உச்சியில் மட்டும் படுக்காதீர்கள், வானத்தின் பின்னணியில் சின்ன அசைவும் தெரியும். சாப்பாட்டை முன்னாலேயே வேறிடத்தில் முடித்துவிட்டு வாருங்கள். வாசனையும் அடுப்பு வெளிச்சமும் பையைவிடச் சத்தமாகப் பேசும். தலைவிளக்கைச் சிவப்பில், அதுவும் தரையைப் பார்த்து. ஜிப்பில் தொங்கும் உலோகத் துண்டைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டுங்கள். வெல்க்ரோ உள்ள பை வேண்டாம். நடு ராத்திரியில் அதைப் பிரிக்கும் சத்தத்தைக் கேட்டால் காரணம் புரியும்.

மறைவாகத் தங்குவது வேறு, திருட்டுத்தனமாகத் தங்குவது வேறு. நார்வேயில் சாகுபடி இல்லாத திறந்த நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால் யாரும் தங்கலாம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு தங்கும் உரிமையைத் தருகிறது. பல நாடுகளில் நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒரு ராத்திரியும் முடியாது. போகும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு, அதற்குள் மறைந்துகொள்ளுங்கள்.

வேட்டைப் பருவத்தில் மறையவே மறையாதீர்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் கண்ணில் நீங்கள் புதருக்குள் அசையும் பழுப்பு உருவம். அப்போது பையின் மேல் ஆரஞ்சுத் துணி விரியுங்கள். வண்டித் தடம் உள்ள உயரமான புல்லுக்குள்ளும் படுக்காதீர்கள், டிராக்டர் ஓட்டுபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். காய்ந்த ஆற்றுப்படுகையும் பட்ட கிளையின் அடியும் பிவிக்காரருக்கு இன்னும் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் பையிலிருந்து சட்டென்று எழுந்து ஓட முடியாது.

அளவு விஷயம் ஒன்று பாக்கி. உங்கள் உயரத்தோடு குறைந்தது 30 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அகலத்தைப் படுத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பை இறுக்கமாக இருந்தால் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு நசுங்கி, எவ்வளவு நல்ல பையானாலும் குளிரும். வாங்கியதும் ஸ்லீப்பிங் பேக், பாய், பூட்ஸ் எல்லாவற்றோடும் உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு வெளியே வரப் பழகுங்கள். சிலருக்கு அந்த இறுக்கமே ஒத்துக்கொள்ளாது, நெஞ்சு படபடக்கும். அது முதல் நாளே தெரிந்துவிட்டால் நல்லது. அப்படியானவர்கள் கம்பி வைத்த பிவிக்கே போய்விடலாம், எடையைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிட்டு.

நான் இப்போது சுமப்பது பிரிட்டிஷ் பச்சைப் பை, கால்பக்கத்தில் இரண்டு ஒட்டு. பழுப்புத் தார்ப்பாய். கொசு உள்ள மாதங்களில் தார்ப்பாயின் கயிற்றில் தலைக்கு மேல் தொங்கவிட ஒரு சின்ன வலை, தோள்வரை வரும். ஓரத்தைப் பையின் வாய்க்குள் செருகிவிடுவேன். அந்த வலையின் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, அடுத்த பயணத்துக்கு முன் மாற்ற வேண்டும்.